மயினியின் கம்ப்யூட்டர் போட்ட ராங் நம்பர்

"தம்பி, வேகம் வா. கம்ப்யூட்டருக்குள்ள இருந்து ஒரு அம்மை பேசுது!"

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை. பாறசாலையிலிருந்து மயினி ஃபோன் செய்தார். மயினி என்றால் என் அண்ணன் மனைவி. கேரளத்தின் தெற்கு எல்லையில் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் நெய்யாற்றின்கரையில் என் வீட்டில் புட்டும் பழமும் பிசைந்துகொண்டிருந்தேன்.

"என்ன பேசுது மயினி?"

"மோனே மோனேன்னு கூப்பிடுது. வெளையாட்டில்ல கேட்டியா. பிள்ளைகளெல்லாம் பயந்து ஹெட்ஃபோனைக் கழத்திப் போட்டாச்சு."

இன்னும் சில மாதங்களில் இரண்டாயிரம் பிறக்கப்போகிறது. அன்றைக்கு உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் கிறுக்குப் பிடிக்கும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. பாறசாலையில் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே பிடித்துவிட்டதோ? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகிற வழியிலேயே மயினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் ஹெப்சி. குவைத்தில் நர்ஸாக இருந்தவர். திரும்பி வந்த பிறகு, அண்ணனின் எலெக்ட்ரிகல் கடைக்கு மேலே உள்ள அறையில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் சென்டர் ஆரம்பித்தார். அமெரிக்காவில் ஒரு கிளினிக்கில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்ததும், என்ன நோய், என்ன மருந்து என்று டேப்பில் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சு ஃபைலாக பாறசாலைக்கு வரும். இங்கே நாலைந்து பெண்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அதைக் கேட்டுக் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நாம் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் அனுப்பினால், அவர்களுக்குப் பொழுது விடியும்போது ரிப்போர்ட் மேஜையில் இருக்கும்.

அவர்கள் தந்திருப்பது மூன்று மாதச் சோதனைக் காலம். ஃபைல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் தொடர்ந்து வேலை. இல்லையென்றால்... அம்பூரியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வரும் லிஸி மறுபடியும் ரப்பர் ஷீட் உலர்த்தப் போக வேண்டியதுதான்.

இதில் சிக்கல் எங்கே என்றால், ஃபைல்கள் வருகிற வழியில்.

நோயாளிகளின் ரகசியம் அல்லவா? சாதாரண இன்டர்நெட்டில் அப்படியே அனுப்ப முடியாது. அதற்கு வி.பி.என். என்று ஒன்று. பொதுச் சாலைக்கு அடியில் நமக்கென்று மட்டும் ஒரு சுரங்கப்பாதை தோண்டிக்கொள்வது மாதிரி. மேலே யார் போனாலும் வந்தாலும் கீழே நம் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

பாதை நல்ல பாதைதான். அதற்குள் நுழைவதுதான் பெரும்பாடு! முதலில் மோடம் என்கிற பெட்டி திருவனந்தபுரத்துக்கு ஃபோன் போட்டு இன்டர்நெட்டைப் பிடிக்க வேண்டும். பிறகு அந்த இன்டர்நெட்டில் ஏறி நின்றுகொண்டு சுரங்கத்தின் கதவைத் தட்ட வேண்டும். பெயர் சொல்ல வேண்டும், பாஸ்வேர்டு சொல்ல வேண்டும். எல்லாம் சொல்லி உள்ளே போய் ஒரு ஃபைல் பாதி இறங்கியிருக்கும்... எங்கேயோ ஒரு தென்னை மட்டை கம்பியில் விழும். லைன் கட். மறுபடியும் முதலிலிருந்து.

இதற்கென்றே ஒரு பெண் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, டயல், எங்கேஜ்டு, டயல், எங்கேஜ்டு என்று தேய்ந்துகொண்டிருந்தாள்.

மயினி யோசித்தார். "ஐ.சி.யூ.வுல பேஷண்டுக்கு ஒரு டூட்டி சிஸ்டர் இருக்கும் இல்லியா? பல்ஸ் பாத்துக்கிட்டே இருக்கும். பல்ஸ் இல்லேன்னா உடனே ஓடும். அது மாதிரி ஒண்ணு இதுக்கும் வேணும்."

கம்ப்யூட்டர் பத்திரிகைகளை வாங்கிப் படித்தார். படித்ததில் பாதி புரியவில்லை என்று சொல்லிக்கொண்டே மீதிப் பாதியை வைத்து நோட்பேடில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டார். கம்ப்யூட்டருக்கு வரிசையாகக் கட்டளைகள். லைன் உயிரோடு இருக்கிறதா, பார். இல்லையா? டயல் செய். எங்கேஜ்டா? இரண்டாவது நம்பரைப் போடு. அதுவும் கிடைக்கவில்லையா? கொஞ்சம் பொறுத்து மறுபடியும் முதல் நம்பர். இன்டர்நெட் கிடைத்துவிட்டதா? சுரங்கத்தைத் திற. பெயர் சொல். பாஸ்வேர்டு சொல். ஃபைல்களை எடு. பிறகு மறுபடியும் லைன் உயிரோடு இருக்கிறதா, பார்...

அந்த ஸ்கிரிப்டுக்கு அவர் வைத்த பெயர் 'சிஸ்டர்'.

சிஸ்டர் டூட்டிக்கு வந்த நாளிலிருந்து அறையில் ஒரே நிம்மதி. மோடம் டயல் செய்யும்போது கீச்சுக் கீச்சென்று கத்தும் அல்லவா, அது டைப் அடிக்கும் பெண்களின் காதைக் குடைந்தது. மயினி ஸ்கிரிப்டில் இன்னொரு வரி சேர்த்து மோடத்தின் ஸ்பீக்கரையும் மூடிவிட்டார். சத்தம் இல்லை, புலம்பல் இல்லை. காலையில் வந்தால் ஃபைல்கள் இருக்கும். யார் டயல் செய்தார்கள், எத்தனை தடவை செய்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நமக்கு ஒரு வேலையை மறந்துவிட வேண்டும்... அதற்காகத்தானே அதை இயந்திரத்திடம் கொடுக்கிறோம்? மறந்தும் விடுகிறோம். இயந்திரம் மறப்பதில்லை. எந்தக் கதவைத் தட்டச் சொன்னோமோ அதைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாடியில் எல்லோரும் மோடத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை நல்ல இடி. மோடத்துக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பார்க்க அன்றைக்குக் காலையில்தான் மயினி ஸ்பீக்கரைத் திறந்துவிட்டிருக்கிறார். அப்போதுதான் அந்தக் குரல்.

"இப்போ மறுபடி டயல் செய்யும். நோக்கு," என்றார்.

மோடம் முதல் நம்பரைப் போட்டது. எங்கேஜ்டு. இரண்டாவது நம்பரைப் போட்டது. மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"அலோ... மக்கா? நீதானா?"

அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்ணின் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஓடி வந்து எடுத்த மாதிரி. மோடம் என்ன பதில் சொல்லும்? எதிர்முனையில் இன்னொரு மோடம் கத்துவதற்காக அது சும்மா காத்திருந்தது.

"நீ பேசாண்டாம் மக்கா. உனக்க சத்தம் இஞ்ச வராதுன்னு எனக்கறியாம். நான் பேசுதேன், நீ கேட்டா போதும். நேற்று இஞ்ச பயங்கர மழ. தங்கச்சியக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில கொண்டுபோய்க் காட்டியாச்சு, காய்ச்சல் கொறைஞ்சு. உனக்க வலையை ஆருக்கும் கொடுக்கல்ல சேவியரே, நான் மடக்கி வச்சிருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுதியா? பின்ன..."

பொறுத்துப் பார்த்துவிட்டு மோடம் லைனை வெட்டியது. முதல் நம்பரை மறுபடியும் போட்டது. இந்தத் தடவை கிடைத்தது. இன்டர்நெட், சுரங்கம், ஃபைல், எல்லாம் ஒழுங்காக நடந்தது. சிஸ்டர் டூட்டியில் ஒரு குறையும் இல்லை.

லிஸி அழுதுகொண்டிருந்தாள். "சேச்சி, அந்த அம்மை தினமும் இப்படிப் பேசியிருக்குமோ?"

மயினி உடனே இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் செய்தார். இரண்டாவது நம்பர் அவர்கள் அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸில் இருந்ததுதான். அங்கே எடுத்த பையன் ரொம்ப சகஜமாகச் சொன்னான். "அதில் ஒரு நம்பர் தெற்றிப்போயி மேடம். புதிய நோட்டீஸ் அடிக்கான் கொடுத்திட்டுண்டு." தப்பாக அச்சாகிவிட்டதாம், புதிது அடிக்கக் கொடுத்திருக்கிறார்களாம்.

மயினி உட்கார்ந்து ஸ்கிரிப்டைத் திறந்து அந்த நம்பரை அழித்தார்.

கீழே கடையிலிருந்து அண்ணன் மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "நம்பரை மாத்தியாச்சுல்லா? பின்ன என்ன? அந்தம்மைட்ட போய்ச் சொல்லி எதுக்கு வெசனப்படுத்தணும்? சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டு."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. மயினிக்குப் படவில்லை.

"இண்ணைக்கு நான் நம்பரை அழிச்சாச்சு. நாளைக்கு அவளுக்கு ஃபோன் வராது. மறுநாளும் வராது. அப்போ அவ மோனுக்கு என்ன ஆச்சுன்னு நினைப்பா? சொல்லுங்க."

மயினி நிறுத்தவில்லை.

"அது மட்டுமில்ல. மோன் தினமும் விளிக்குதான்னு அவ நம்பிக்கிட்டு இருக்கா. நிஜத்துல அவன் விளிக்கல்ல. ஏன் விளிக்கல்ல? எங்க இருக்கான்? ஆரும் தேடியிருக்கமாட்டாங்களே!"

கடை ஃபோனிலிருந்து மயினியே அந்த நம்பருக்கு டயல் செய்தார். டெலிஃபோன் பற்றி ஒரு விஷயம் பேச வேண்டும், வீடு எங்கே என்று மட்டும் கேட்டார். பொழியூர். சர்ச்சுக்குப் பின்னால். பிலோமினாவின் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள்.

அண்ணனின் வேனை நான் ஓட்டினேன். கடல் பார்வைக்கு வந்ததும் சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

பிலோமினாவுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வாசலிலேயே நின்றிருந்தார். முன்னறையில் ஒரு ஸ்டூல் மேல் ஃபோன், அதன் மேல் பூப்போட்ட துணி. பக்கத்தில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியை எங்களுக்குத் தரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலிகள் வாங்கிப் போட்டார்.

"இருங்கோ. இப்போ மோன் மறுபடி விளிக்குத நேரமாக்கும். அவன்கிட்ட பேசிட்டு உங்ககிட்ட பேசுதேன்."

"மோன் எங்க இருக்கான் அம்மா?" என்றார் மயினி.

"பஹ்ரைன்ல. மீன்பிடி போட்டுல வேலை. போன புதுசுல விளிச்சு நல்லாப் பேசினான். பின்ன ஒண்ணுமே இல்ல. கடல் அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டேன். அதுக்கு அடுத்த நாள்லேருந்து ஃபோன் வருது. சத்தம் மட்டும் வராது. கல்ஃப் லைன் அப்படியாக்கும். ஆனா அவன் கேக்குதான். எனக்கறியாம்."

"ஆருகிட்டயும் விசாரிச்சியளா?"

"ஃபாதர்கிட்ட சொல்லி எழுதிக் கேக்கணும்னு இருந்தேன். அவன்தான் விளிக்கத் தொடங்கிட்டானே. பின்ன என்னத்துக்கு அவரைச் சிரமப்படுத்தணும்?"

மயினி பயந்தது அதைத்தான்.

ஃபோனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அது அடிக்கவில்லை. அடிக்காது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். பிலோமினா துணியைச் சரி செய்தார். ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தார். எங்களைப் பார்த்து, "இண்ணைக்குக் கொஞ்சம் தாமசம்," என்று சிரித்தார்.

மயினி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கையைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொன்னவர்தான். கம்ப்யூட்டர், மோடம், தப்பான நம்பர்... எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

பிலோமினா ஃபோன் மேலிருந்த பூப்போட்ட துணியை உருவி எடுத்தார்.

"அப்போ நான் இவ்வளவு நாளும் பேசினதெல்லாம் நீங்க கேட்டியளா?"

"இண்ணைக்கு மட்டும்தான் கேட்டோம். அதுவரை அதுக்க சத்தத்தை மூடி வச்சிருந்தோம்."

"அந்த மிஷின்?"

"அதுக்குக் கேக்காது அம்மா."

அவ்வளவுதான். வந்தது கோபம்! "படிச்ச ஆள்க்காராக்குமா நீங்க? ஒரு நம்பரை நேரா விளிக்கத் தெரியாதா? அமெரிக்காவை விளிக்குதவ பொழியூருக்கு ஏன் வரணும்? எனக்க பிள்ளைக்க பேருல நான் ஒரு மிஷினுக்குக் கத சொல்லிக்கிட்டு இருந்தேனே... மாதாவே!"

திட்டினார். நாங்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். திட்டிக்கொண்டே உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் எங்களுக்குக் கட்டன் சாயா இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, யாரிடமும் இல்லாத மாதிரிக் கேட்டார்.

"பின்ன எனக்க மோன் எங்க?"

மயினி பையிலிருந்து பேனாவை எடுத்தார். மகனின் முழுப்பெயர், அவனை அனுப்பிய ஏஜன்ட் சொன்ன துறைமுகம், கூடப் போனவர்களின் பெயர்கள், எல்லாம் கேட்டுக்கொண்டார்.

குவைத்தில் மயினியோடு வேலை பார்த்த ஓமனா என்ற நர்ஸ் இப்போது பஹ்ரைனில் இருக்கிறார். அன்றைக்கே அவருக்கு ஃபோன். வெள்ளிக்கிழமை பூசைக்கு எங்கள் கடற்கரை ஆட்களெல்லாம் அங்கே ஒரு சர்ச்சுக்கு வருவார்களாம். அங்கே விசாரிப்பதாகச் சொன்னார்.

அந்த வாரம் மயினிக்கு நல்ல வாரம் இல்லை. ஒரே நம்பரை வைத்துக்கொண்டு சிஸ்டர் திணறியது. ஒரு நாள் ஃபைல்கள் தாமதமாகப் போய், அமெரிக்காவிலிருந்து கண்டிப்பாக ஒரு மெயில் வந்தது. சோதனைக் காலம் என்பதை ஞாபகப்படுத்தினார்கள். கம்பெனியில் சரியான இரண்டாவது நம்பரை வாங்கிய பிறகும் மயினி அதை உடனே ஸ்கிரிப்டில் சேர்க்கவில்லை. முதலில் தன் கையால் டயல் செய்தார். மறுமுனையில் மோடம் கீச்சென்று கத்துவதைக் காதால் கேட்டார். "ஆ, இது மனுசன் இல்ல," என்று உறுதி செய்துகொண்டுதான் சேர்த்தார். ஸ்பீக்கரையும் திறந்தே வைத்துவிட்டார். கத்தினால் கத்தட்டும் என்று பெண்களும் ஒத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை ஓமனா கூப்பிட்டார். சேவியர் கிடைத்துவிட்டான்!

போட்டில் வழுக்கி விழுந்து வலது கை உடைந்திருக்கிறது. கட்டுப் போட்டு ஒரு அறையில் கிடந்திருக்கிறான். வேலை இல்லை. கூட இருப்பவர்கள் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஏன் வீட்டுக்கு ஃபோன் செய்யல்ல?" என்று ஓமனா அதட்டியிருக்கிறார். "அம்மைக்க சத்தம் கேட்டா நான் அழுது கரைஞ்சுபோடுவேன் சேச்சி. நான் கரைஞ்சா அம்மை அங்க தீந்தா," என்றானாம். ஓமனா அவனைத் தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் கையை மறுபடி காட்டி, ஒரு ஃபோன் கார்டும் வாங்கிக் கொடுத்து, "இப்பவே கூப்பிடு," என்று நிற்க வைத்துவிட்டார்.

மயினிக்கு ஒரே சந்தோஷம். பிலோமினாவின் வீட்டில் இந்நேரம் மணி அடித்திருக்கும் என்று எங்களுக்கெல்லாம் சாயா போட்டார்.

சாயா ஆறுவதற்குள் மறுபடியும் ஓமனா.

"ஹெப்சி, அந்த அம்மை ஃபோனை வச்சிட்டுப் போவுது!"

நடந்தது இதுதான். கல்ஃப் கால் எடுத்ததும் உடனே சத்தம் வராது. ஒரு சின்ன இடைவெளி இருக்கும், மூச்சுப் பிடித்து விடுகிற நேரம். பிலோமினா ரிசீவரை எடுத்து "அலோ" என்கிறார். சத்தம் இல்லை. சத்தம் இல்லையென்றால் அது யார்? இப்போதுதான் தெரியுமே!

"எம்மா மிஷினே, இது பொழியூராக்கும். நம்பர் தெற்றிப்போச்சு. உனக்க அமெரிக்காவை வேற எங்கயாவது தேடு." டொக்.

இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை இன்னும் கொஞ்சம் கடுமையாக. அங்கே கையில் கட்டோடு ஒருவன் பூத்தில் நின்று, அம்மா ஏன் என்னை மிஷின் என்கிறாள் என்று அழுதுகொண்டிருக்கிறான்.

மயினி கடை ஃபோனைப் பாய்ந்து எடுத்தார். மணி அடித்ததும் எடுக்கப்பட்டது. மயினி ஒரு நொடிகூட விடவில்லை. "அம்மா, இது ஹெப்சி சிஸ்டர், வைக்காதீங்கோ! இனி வாறது உங்க மோன்தான்! சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். வைக்காம இருங்கோ. கேட்டுதா? வைக்காதீங்கோ!"

பிறகு அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

சேவியர் கை சரியாகி மறுபடியும் கடலுக்குப் போகிறான். சோதனைக் காலம் முடிந்து கிளினிக்கும் வேலையைத் தொடரச் சொல்லிவிட்டது. லிஸி ரெண்டு பஸ் மாறி வந்துகொண்டிருக்கிறாள்.

போன ஞாயிறு பிலோமினா பாறசாலைக்கு வந்திருந்தார், கூடை நிறைய மீனோடு. மாடிக்கு வந்து அந்தக் கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மோடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மோன் நல்லாப் பேசுதானா அம்மா?" என்று கேட்டேன்.

"பேசுதான், பேசுதான். கார்டு தீந்துபோவும், கார்டு தீந்துபோவும்னு அவனேதான் பேசுதான். நான் ஒரு வார்த்த பேச வாயத் தொறந்தா லைன் கட்டாயிப் போவுது." மோடத்தைக் காட்டினார். "இது கொள்ளாம், நல்ல மிஷின். பாவம், நான் சொல்லுததை எல்லாம் மிண்டாம இருந்து கேட்டுச்சு."

பிறகு மயினியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எம்மா சிஸ்டரே, எப்பவாவது ஒருக்கா அந்தத் தெற்றின நம்பருக்கு விளிக்கச் சொல்லுதியா?"

நேற்றுப் போனபோது பார்த்தேன்... மயினி நோட்பேடில் 'சிஸ்டர்' ஸ்கிரிப்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.